பதினேழாம் கேள்வி

கடந்த ஏழு நாள்களில்
உங்கள் வீட்டாரல்லாத ஒருவருக்கு
ஊதியமின்றி ஏதேனும் பணி செய்தீர்களா?
ஆம் என்றால் ஒன்று. இல்லையென்றால் இரண்டு.
சொல்ல மறுத்தால் ஒன்பது.

முக்கூடலில் மூன்று நாளாக
இரண்டையே அழுத்திக்கொண்டிருக்கிறேன்.

முப்பிடாதி முறத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.
ஆயிரத்துக்கு இன்னும் இருநூறு பீடி பாக்கி.
"துட்டு வாங்காம நான் ஏன் வேல பாக்கணும்?
கிறுக்கா பிடிச்சிருக்கு எனக்கு?"
இரண்டு.

முறத்தின் ஓரத்தில் வேறு நிற நூலில்
ஒரு கட்டு தனியாகக் கிடந்தது.
என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள்.
"அது செல்லக்கனிக்கு உள்ளது.
கர்ப்பப்பை ஆபரேசன். ஐகிரவுண்டுல கெடக்கா.
இந்த வாரம் பாஸ்புக்குல வரவு விழலன்னா
பேர அடிச்சிருவான்லா.
ராத்திரி ஒரு முந்நூறு,
கூடச் சேத்துச் சுத்துததுதான.
இதெல்லாமா வேல?"

கையேடு, பக்கம் நாற்பத்தொன்று:
பதிலளிப்பவரின் சொல்லையே பதிவுசெய்க.
விளக்கக் கூடாது. தூண்டக் கூடாது.
நான் தூண்டவில்லை.

மேலப்பாளையத்தில் வெல்டிங் பட்டறை அப்துல் ஜப்பார்
நகக்கண்ணில் செம்மண்ணோடு வந்தான்.
பைப்லைன் வேலையா என்றேன்.
இல்லை, அடக்கம். யாரென்று தெரியாது,
ரயிலடியில் கிடந்தவர்; குழி மட்டும் இவன்.
கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன்.
"அத வேலைன்னு எழுதிராதீங்க மேடம்.
மய்யித்து காதுல விழுந்துரும்."

உவரியில் மிக்கேல் ஜெபஸ்தியான் ஒன்றுதான் சொல்லியிருப்பார்.
வெள்ளத்தன்று வள்ளத்தை லாரியில் ஏற்றி
கடல் பார்க்காத தெருக்களுக்குள் ஓட்டியவர்.
ஆனால் அது ஏழு நாளுக்குள் வரவில்லை.
"வெள்ளம் உங்க ஏழு நாளு பாத்தா வரும்?"
வள்ளத்தின் அடியில் ஒரு கீறலைக் காட்டினார்.
கேட்டுக் கம்பியோ, முங்கிக் கிடந்த காரோ.
இதுக்கு எதுவும் கட்டம் உண்டா என்றார்.
இல்லை.

பாளையங்கோட்டையில் ஒருவர் ஒன்று.
ஓய்வுபெற்ற வங்கிக்காரர்.
செவ்வாயும் வெள்ளியும் பார்வையற்ற பிள்ளைகளுக்குப்
பாடம் வாசித்துக் காட்டுகிறார்.
டைரியில் நிமிடக் கணக்கு வைத்திருந்தார்.
எழுபது. அறுபத்தைந்து. தொண்டை கட்டியதால் நாற்பது.
அவர் மேல் எனக்கு ஏனோ பெரிய நன்றி வந்தது.
அந்த எண்ணை அழுத்தியபோது
விரல் புதிதாக இருந்தது.

ஞானதுரை சார் போனில் கத்தினார்:
"உம்ம பிளாக்குல எல்லாம் இரண்டா இருக்கே,
வீட்டுக்குப் போனீரா, டீக்கடையில இருந்து அடிச்சுவிட்டீரா?
தில்லியில மேப்பு போடுவான்.
கைகொடுக்க ஆளுள்ள ஊரு கரும்பச்சை,
இல்லாத ஊரு வெள்ளை.
நம்ம ஜில்லா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வருது."

போனேன் சார்.
எல்லா வீட்டுக்கும் போனேன்.
சுத்தமல்லி விலக்கில் வண்டி பஞ்சரானபோது
டயரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
கடை வரைக்கும் நடந்தவனிடமும் கேட்டேன்.
அவனும் இரண்டுதான்.

என் வீடும் மாதிரிப் பட்டியலில் விழுந்திருந்தது.
ஞாயிற்றுக்கிழமை வேறொருத்தி வந்தாள்,
சேரன்மகாதேவிப் பிள்ளை, காலில் நாய்க்கடிக் கட்டோடு.
வீட்டில் எத்தனை பேர், கூரை என்ன, அடுப்பு என்ன.
பதினேழில் அவள் குரல் தட்டையாயிற்று,
என் குரல் எப்படி ஆகுமோ அப்படி.
"ச்சே, எனக்கு எங்க நேரம்" என்றேன்.

விரல் இறங்குமுன் அவள் கண் மேசைக்குப் போனது.
பதிமூன்று மனுக்கள் அங்கே:
விதவைப் பென்சன், பட்டா மாறுதல்,
பெயரில் ஒரு எழுத்து தப்பிய ரேஷன் அட்டை.
போன வீடுகளில் கொடுத்துவிட்டவை.
எல்லாம் என் கையெழுத்தில் பாதி நிரம்பி,
பறக்காமலிருக்க மேலே உப்புக் குப்பி.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
பக்கம் நாற்பத்தொன்று அவளுக்கும் மனப்பாடம்.

காலை நீட்டி உட்காரச் சொன்னேன்.
கட்டு நனைந்திருந்தது, மாற்றணும்.